பிள்ளை பிறந்த வீட்டில் தாயை யார் பார்ப்பது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்வரும் தாய்மார் குழு ஒன்றில் நானும் ஒருத்தி. டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மருத்துவ விசயங்கள் கிளினிக்கில் சொல்லித் தந்தவை. மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

பிள்ளை சுகமாக இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. எனக்கு என்ன நடந்தது?

பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தவுடன் உடம்பில் ஓமோன் அளவு சடாரென்று விழுகிறது. அதே நாட்களில்தான் பால் கட்டுகிறது, தையல் நோகிறது, நித்திரை இல்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதும் அநேகமாக அந்த நேரம்தான். பத்துத் தாய்மாரில் ஏழு, எட்டுப் பேருக்கு இந்த அழுகை வரும். மூன்றாம், நான்காம் நாள் தொடங்கி இரண்டு கிழமைக்குள் தானாக அடங்கிவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. நித்திரையும் நேரத்துக்குச் சாப்பாடும் "அழு, பரவாயில்லை" என்று சொல்ல ஓராளும் போதும். "பச்சை உடம்போட அழாத, பிள்ளைக்குக் கூடாது" என்று அதட்டுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இரண்டு கிழமை தாண்டியும் போகவில்லை என்றால்?

அப்போது அது வேறு விசயம். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு என்று சொல்வார்கள். எங்களைப் போன்ற நாடுகளில் ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் சில கிழமைகளில்தான் வர வேண்டும் என்றில்லை. ஆறாம் மாதத்திலும் வரலாம்.

எங்கள் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. "தலைக்குள்ள ஒரே பாரம்", "நெஞ்சு அடைக்குது", "ஒண்டிலயும் மனம் போகுதில்ல", "பிள்ளையைப் பாத்தா எனக்கு ஒண்டுமே வருகுதில்ல" என்றுதான் சொல்வார்கள். பிள்ளை நித்திரையாகக் கிடக்கும்போதும் தாய்க்கு நித்திரை வராது. அல்லது மூச்சு விடுகிறதா என்று இரவு முழுக்க எழும்பி எழும்பிப் பார்ப்பாள். தான் கெட்ட தாய் என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். வெளியில் பார்த்தால், "உவளுக்குப் பஞ்சி", சோம்பல், என்பதுபோலத் தெரியும். பஞ்சி இல்லை, இது நோய். குணமாக்கக்கூடிய நோய்.

பிள்ளை பிறந்து ஒரு மாதமளவில் நடக்கும் தாய்க்கான கிளினிக்கில் 10 கேள்வி உள்ள ஒரு தாள் தருவார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் 1987இல் உருவாக்கிய கேள்விக்கொத்து அது. கடைசி 7 நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா என்றெல்லாம் கேட்கும். பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. நிறையப் பேர் மாமி பக்கத்தில் நிற்கிறா என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டு வருவார்கள். தயவுசெய்து தனியாக இருந்து நிரப்பக் கேளுங்கள். கேட்டால் விடுவார்கள்.

டொக்டரிடம் போனால் "விசர்க் குளிசை" தந்துவிடுவார்கள், பிறகு பால் கொடுக்க ஏலாது என்கிறார்களே?

முதலில் கதைத்துத்தான் பார்ப்பார்கள். பலருக்கு அதுவும் வீட்டுத் துணையும் போதும். மருந்து தேவைப்பட்டாலும், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்று சொன்னால் அதற்கேற்றதைத் தருவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போய்க் குந்தியிருப்பதை ஊர் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தால், முதலில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் நாங்கள் "மிஸ்" என்று கூப்பிடுகிறவரிடம், சொல்லுங்கள். பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வருவது அவருடைய வேலை. வந்தால் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். தொலைபேசியில் கதைக்க வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

"நாங்கள் பங்கருக்குள்ள பிள்ளை பெத்தனாங்கள், உங்களுக்கு என்ன குறை?" என்று மாமி கேட்கிறா. என்ன பதில் சொல்வது?

மாமி சொல்வதில் பொய் இல்லை. யுத்தம் முடிகிற நேரம், 2009இன் முதல் மாதங்களில், மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் தரப்பாள் கொட்டிலுக்குள்ளும் பங்கருக்குள்ளும் பிள்ளை பெற்றவர்கள் எங்களோடுதான் இன்றைக்கும் சந்தைக்கு வருகிறார்கள். அப்புறம் செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், ஒரு வாளித் தண்ணிக்கு வரிசையில் நின்று பிள்ளை குளிப்பாட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று "எனக்குக் கஷ்டம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒரு வீட்டில் இதே வசனத்தை ஒரு மாமி சொன்னபோது, நான் கேட்டேன்: "அப்ப உங்களுக்கு ஆர் துணைக்கு நிண்டது, அம்மா?" அவ முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. கை நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னா, பக்கத்துப் பங்கரில் இருந்த ஒரு பிள்ளை தன் சேலையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றித் தந்ததாம். இரண்டு இரவு தூக்கி வைத்திருந்ததாம். "பேர் கூடக் கேக்கேல்ல. பிறகு அவளுக்கு என்ன நடந்ததெண்டும் தெரியாது." சொல்லிவிட்டுத் திரும்ப இலை ஆயத் தொடங்கினா. அன்றோடு மாமி மாறிவிட்டா என்று கதை விட மாட்டேன். ஆனால் நாங்கள் எழும்பும் நேரம், பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு "நீ போய்த் தலையில தண்ணி ஊத்திக்கொண்டு வா" என்று மருமகளிடம் சொன்னா.

அதனால் மாமியோடு தர்க்கப்படாமல், அவவுடைய கதையைக் கேளுங்கள். அந்தச் சனத்திடம் பிள்ளைப்பேற்றுக் கதையை யாரும் ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

எனக்கு அம்மா இல்லை. பிள்ளை பிறந்த பிறகு அந்த ஞாபகமே வருகிறது. இது நோயா?

நோய் இல்லை, துக்கம். யுத்த காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது தாய்மார். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, "இதை அம்மா காட்டித் தந்திருப்பாவே" என்று ஒரு நினைப்பு வந்து விழும். இல்லாமல் போன தம்பியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரைக் கூப்பிட முடியாமல் "குட்டி, குட்டி" என்றே கூப்பிடும் ஒரு தாயையும் தெரியும். யுத்தம் முடிந்த மே மாதம் வந்தால் இன்னும் கூடும். அழுவதால் பால் வற்றாது, அழுங்கள். நித்திரை, சாப்பாடு, பிள்ளையைத் தூக்கும் ஆசை மூன்றும் போய்விட்டால் மட்டும் மேலே சொன்னதுபோலக் காட்டுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அம்மம்மா, சின்னம்மா, மச்சாள், பக்கத்து வீட்டு ஆச்சி என்று முறை வைத்து வந்து நிற்பார்கள். ஒருத்தி அடுப்படி, ஒருத்தி கிணற்றடி, ஒருத்தி பிள்ளை. இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்தில் ஆளுக்கொரு காணியில் போய் இருக்கும்போது அந்த முறை உடைந்துவிட்டது. சொந்தம் பாதி கனடாவில், பாதி மண்ணுக்குள். தானாக வந்த துணை இனி வராது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏழாம் மாதத்திலேயே ஒரு கொப்பித்தாளில் எழுதுங்கள்: மத்தியானச் சோறு யார், தண்ணி அள்ளுவது யார், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது யார், இரவில் அந்தரத்துக்கு ஓட்டோ யாருடையது. நாலு பெயர் கிடைத்தால் போதும். சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்கு 31 நாளும் சோறு தந்தது அயலிலிருந்த ஒரு அக்கா. எந்த உறவும் இல்லை.

காத்துக்கறுப்பு பட்டிருக்கும் என்கிறார்கள். நூல் கட்டலாமா?

கட்டுங்கள், மனதுக்கு ஆறுதல் என்றால். நாவூறு கழிப்பதையும் நான் தடுப்பதில்லை. ஆனால் தாய் இரண்டு மூன்று நாளாக நித்திரையே இல்லாமல் ஓயாமல் கதைப்பது, யாரோ பேசுவது கேட்கிறது என்பது, பிள்ளை தன் பிள்ளை இல்லை என்பது, வீட்டார் நஞ்சு வைக்கிறார்கள் என்பது: இவை வந்தால் நூலோடு நிற்கக் கூடாது. ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு வரும் கடும் மனநோய் இது. அநேகமாக முதல் இரண்டு கிழமைக்குள் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்லை. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகச் சுகம் வரும்.

பத்தியம், வேது, சரக்குக் கறி: எதை வைத்துக்கொள்ளலாம்?

சரக்கரைத்த கறி நல்ல சாப்பாடு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு போட்டு மீனோடு காய்ச்சிய சாறு யாருக்குத்தான் கூடாது? பால்சுறா வறையையும் தாராளமாகச் சாப்பிடலாம். பிழை எங்கே என்றால், "அது கூடாது, இது கூடாது" என்று பழத்தையும் இலைக்கறியையும் முட்டையையும் ஒதுக்கிவிட்டு வெறும் சோறும் சாறும் கொடுப்பதில்தான். பால் கொடுக்கிற உடம்புக்கு வழமையைவிடக் கூடச் சாப்பாடு வேண்டும். தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்பதும் சரியில்லை. தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், அந்தச் சத்து உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள்.

வேது தண்ணி, அதுதான் இலை குழை அவித்துக் குளிக்கும் தண்ணி, இளஞ்சூடாக இருந்தால் உடம்பு உளைவுக்குச் சுகம்தான். தையல் உள்ள இடத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சிசேரியன் என்றால் ஆறு கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. கிணற்றில் தண்ணி அள்ளுவது அறவே வேண்டாம். பிள்ளைக்கு வசம்பு, தேன், சீனித்தண்ணி எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன் ஆபத்தானது. துடக்கு (தீட்டு) காலத்தில் தாயைப் புறம்பான அறையில் விடுவதைப் பற்றிக் கேட்டால், ஓய்வு கிடைக்கிறது என்றால் நல்லது, தனிமைதான் கிடைக்கிறது என்றால் நல்லதில்லை.

இந்த வெயிலுக்குப் பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காமல் விடலாமா? எனக்குப் பால் காணாதுபோலவும் இருக்கிறது.

தாய்ப்பாலில் 100க்கு 88 பங்கு தண்ணிதான். சோளகக் காற்று நிலத்தைக் காய்ச்சி எடுக்கும் மாதங்களிலும் ஆறு மாதம் வரை வேறு எதுவும் தேவையில்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது வழமை. அடிக்கடி கேட்கிறது என்பதால் பால் காணாது என்று முடிவெடுக்காதீர்கள். முதல் கிழமைக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு ஏறினால் பால் காணும். முயற்சி செய்தும் சரிவராமல் பால்மா கொடுக்க வேண்டி வந்தால், அது தாயின் தோல்வி இல்லை. அந்த வீட்டில் நின்று பிரசங்கம் வைக்கவும் வேண்டாம்.

பின்னேரமானால் பிள்ளை விடாமல் கத்துகிறது. ஒரு நாள் கோபத்தில் உலுப்பிவிடுவேனோ என்று பயந்துவிட்டேன்.

பயந்தது நல்ல அறிகுறி. பிள்ளைகளின் அழுகை ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். பால், ஈரத்துணி, காய்ச்சல் எல்லாம் பார்த்தும் அழுகிறது என்றால், நிமிர்த்திப் பாயில் கிடத்திவிட்டு முற்றத்துக்குப் போய் முகம் கழுவுங்கள். ஐந்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உலுப்பினால் மூளைக்குள் இரத்தம் கசியும். இதை வீட்டிலுள்ள ஆம்பிளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நான் கட்டாரில் வேலை செய்கிறேன். மனுசிக்கு இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

காசு அனுப்புவதைத் தவிரவும் செய்ய முடியும். டோகா நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தி. இங்கே இரவு 2 மணிக்குப் பிள்ளை எழும்பும்போது அங்கே 11:30. எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் புருசன் அந்த நேரத்துக்குத்தான் தினமும் எடுப்பார். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. அவள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் பால் கொடுப்பாள், அவர் அங்கே தன் உடுப்பை மடித்துக்கொண்டு இருப்பார். "ஆரோ முழிச்சிருக்கினம் எண்டது போதும் அக்கா" என்றாள். எடுத்தவுடன் "பிள்ளையைக் காட்டு" என்று தொடங்காமல், "நீ சாப்பிட்டியா" என்று தொடங்குங்கள்.

ஊரில் நிற்கிற நாங்கள்?

தண்ணி அள்ளுங்கள், துணி தோயுங்கள், பிள்ளையை ஏணையில் ஆட்டுங்கள், இரவில் ஒரு தடவையாவது எழும்புங்கள். காலபோக அறுவடை நேரம், கடலுக்குப் போகிற காலம், மேசன் வேலை எல்லாம் விளங்குகிறது, களைத்துத்தான் வருகிறீர்கள். அவளும் களைத்துத்தான் இருக்கிறாள். உறவுக்கு அவள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். குடும்பத்திட்டத்தை அவளோடு சேர்ந்து கிளினிக்கில் கதையுங்கள். பால் கொடுப்பதால் மட்டும் அடுத்த பிள்ளை தங்காது என்று நம்பியிருக்க ஏலாது.

அப்பாமாருக்கும் மனச்சோர்வு வருமா?

வரும். பத்தில் ஒருவருக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆம்பிளைகளில் அது அநேகமாக அழுகையாக வராது. எரிச்சலாக, வீட்டுக்குப் பிந்தி வருவதாக, குடியாக வரும். 1926 அவர்களுக்கும்தான்.

அந்தக் குடி அடியாக மாறினால், "பிள்ளை பிறந்த அழுத்தம்" என்று யாரும் சாட்டுச் சொல்லக் கூடாது. மிஸ்ஸிடம் சொல்லலாம், ஆஸ்பத்திரியில் சொல்லலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுக்கலாம்.

கடன்காரர் கிழமைக்குக் கிழமை வருகிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் சரிவராது. என்ன செய்வது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நுண்கடன் தவணை நாளில் பிள்ளையோடு பின்வளவில் போய் ஒளிந்திருந்த தாயிடம் "மனதை அமைதியாக வைத்திருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழுக் கடன் என்றால் குழுத் தலைவியோடு பிரசவத்துக்கு முன்பே கதைத்துத் தவணை தள்ளிப்போட முயலுங்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம், கர்ப்பிணி தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு, திரிபோஷா சத்துமா மூன்றிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்திலும் கிளினிக்கிலும் விசாரியுங்கள்.

சம்பள வேலை என்றால் சட்டம் உங்கள் பக்கம். அரச வேலையில் முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள். தகப்பனுக்கு 3 நாள். தனியார் துறையிலும், 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு. பிள்ளை பராமரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள்.

எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

தாய்க்கு: ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் நனையும் இரத்தப்போக்கு, காய்ச்சல், கெட்ட மணத்தோடு கழிவு, கண் மங்கலோடு கடும் தலையிடி, வலிப்பு, மூச்சு முட்டல், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, சாக வேண்டும் அல்லது பிள்ளையை ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற எண்ணம். பிள்ளைக்கு: பால் குடிக்காமல் சோர்வது, காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோவது, வேகமான மூச்சு, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாவது. விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990.

பிள்ளை பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோவது?

பேபி சோப்பும் பவுடரும் அந்த வீட்டில் ஏற்கெனவே பத்துப் பெட்டி இருக்கும். சோறும் கறியும் கட்டிக்கொண்டு போங்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். தடிமன் காய்ச்சல் என்றால் போகவே வேண்டாம். போனதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை ஆரைப் போல, ஏன் இவ்வளவு கறுப்பு, ஏன் மெலிவு என்ற ஆராய்ச்சியைப் படலையோடு விட்டுவிடுங்கள்.

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை பவுடர் பூசி, கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டோடு, ராசா மாதிரிக் கிடந்தது. கிளினிக் கொப்பியில் ஒரு பெட்டி விடாமல் நிரப்பியிருந்தது. தாய்க்குத் தலை வாரி மூன்று நாளிருக்கும். பக்கத்தில் காலையில் ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறி, மேலே ஆடை கட்டி, ஓரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம். போனதும் ஒருத்தி தேத்தண்ணி ஊற்றுவாள், ஒருத்தி பிள்ளையை வாங்குவாள். தாய் அதைச் சூட்டோடு குடித்துக் கோப்பையை வெறுமையாக்கும்வரை நாங்கள் எழும்புவதில்லை.